கூடவந்தவர் ஆட்டம்

போன மாதம் என்னை ஒரு நர்சிங் கல்லூரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகப் பயிற்சிக்கூடம் திறக்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற முறையில் நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். போனேன். ஏசி அறை. கட்டிலில் ஒரு பொம்மை. நாடி துடிக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது, பொத்தானை அழுத்தினால் "வலிக்கிறது" என்கிறது. ஓர் இளம் ஆசிரியை மைக்கைப் பிடித்துக்கொண்டு, விளையாட்டு மூலமாக நர்சிங் சொல்லித்தருவது வெளிநாட்டில் இப்போதுதான் வந்திருக்கும் முறை என்றும், நம் மாவட்டத்தில் முதல்முறையாக இங்கேதான் தொடங்குகிறது என்றும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

முதல்முறையாம்! இதே கள்ளக்குறிச்சியில், ஓடு போட்ட ஒரு கூடத்தில், ஒரு கைப்பிடிச் சோழியையும் ஒரு டப்பா நீலப்பொடியையும் வைத்துக்கொண்டு நான் பிள்ளைகளை ஆடவைத்தேன். அதற்காக என்னை மலைக்குத் தூக்கியடித்தார்கள். அன்றைக்கும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்பதாக இல்லை. மேடையில் கொடுத்த கொஞ்ச நேரத்தில் இதையெல்லாம் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். அப்பா குத்தகைக்குக் கரும்பு வைத்தவர். நான் நர்ஸுக்குப் படித்ததும், பிறகு ஆசிரியைப் பயிற்சிக்குப் போனதும் இட ஒதுக்கீட்டில்தான். முதுகுக்குப் பின்னால் "கோட்டா டீச்சர்" என்று சொல்வார்கள். ஆமாம், அதில்தான் வந்தேன். இப்போ அதுக்கு இன்னா? வந்த பிறகு ஊசி போட்டதும் தையல் பிரித்ததும் என் கைதான், கோட்டா வந்து போடவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த பயிற்சிப் பள்ளியின் பெயர் வேண்டாம். முதல்வராக இருந்தவரைக் கமலவேணி மேடம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைப் புடவை, கஞ்சி போட்டு முறுக்காக இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கையில் எப்போதும் ஒரு பென்சில். படுக்கை விரித்துக் காட்டச் சொல்வார். போர்வையின் மூலையை மடித்துச் செருகிய இடத்தில் பென்சிலை வைத்து மெதுவாக நிமிண்டுவார். மடிப்பு கழன்றால் ஒன்றும் பேச மாட்டார், போர்வையை மொத்தமாக உருவித் தரையில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அந்தப் பிள்ளை முதலிலிருந்து விரிக்க வேண்டும். கை கழுவுவதென்றால் அவருக்கு உயிர். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரலின் பின்பக்கம், மணிக்கட்டு என்று வரிசை உண்டு. வரிசை மாறினால் குழாயை அவரே மூடிவிட்டு, "திரும்ப" என்பார். அந்த ஒரு சொல்தான். அவரிடம் படித்தவள் எவளும் இன்றுவரை கழுவாத கையால் ஒரு நோயாளியைத் தொட்டிருக்க மாட்டாள். அதில் எனக்கு அவர்மேல் இப்போதும் மரியாதை உண்டு.

ஆனால் அவருடைய பாடத்தில் நோயாளி ஒரு தலையணை. அதற்கு ஊசி போடலாம், கட்டுப் போடலாம், துடைத்துவிடலாம். தலையணை பேசாது. அதைவிட முக்கியம், தலையணையைக் கூட்டிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள்.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளி எங்கே பேசினாள்? "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டால் மாமியார் பதில் சொல்வாள். "எத்தனை தடவை வாந்தி எடுத்தே?" என்றால் சித்தப்பா சொல்வார். ஆம்பிளைகளுக்கும் அப்படித்தான், பெண்டாட்டி பேசுவாள். படுத்திருப்பவர் கண்ணை மூடிக்கொள்வார். பதில் சொல்வதற்கு முன்னால் கூட வந்தவர்களுக்கு ஒரு கேள்வி இருக்கும். "நீ எந்த ஊரு பாப்பா? எந்தத் தெரு?" அதற்குப் பதில் வந்த பிறகுதான் நாடியே பிடிக்க விடுவார்கள். என் மாணவிகள் கூட வந்தவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வருவார்கள். பாதி தப்பாக இருக்கும். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், திருந்தவில்லை. சரி, ஆடியே பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஆட்டம் இதுதான். சோழியைக் குலுக்கிப் போட வேண்டும். விழுகிற கணக்கை வைத்து ஒருத்தி நோயாளி, ஒருத்தி கூட வந்தவர், ஒருத்தி நர்ஸ். நோயாளிக்கு என்ன வியாதி, எதை மறைக்க வேண்டும் என்று நான் காதில் சொல்லிவிடுவேன். கூட வந்தவள் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லலாம், புளுகலாம், அழலாம், எந்தத் தெரு என்று கேட்கலாம். அவள் சொன்னதை நர்ஸ் சரிபார்க்காமல் நம்பினால் கூட வந்தவளுக்கு ஒரு சோழி. நோயாளி தன் வாயால் ஒரு உண்மையைச் சொன்னால் நர்ஸுக்கு ஒரு சோழி. கூட வந்தவளை வெளியே போகச் சொல்லி விரட்டக்கூடாது. விரட்டினால் ஆட்டம் அவுட். கட்டில் கம்பியில் நான் நீலப்பொடி தடவி வைத்திருப்பேன். கை கழுவாமல் நோயாளியைத் தொட்டால் அந்தப் பிள்ளையின் முகமெல்லாம் நீலமாகிவிடும், அதற்கும் சோழி போய்விடும்.

கூடத்தில் ஒரே சிரிப்பு. ஆனால் ஒரு மாதத்துக்குள் என் பிள்ளைகள் பேச்சுக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். வயிற்றைத் தொட்டுக்கொண்டே குனிந்து காதில் கேட்பது, மாமியாரிடம் வெந்நீர் வாங்கிவரச் சொல்வது, மாமியாருக்கே ஒரு வியாதி கண்டுபிடித்து அவளை உட்காரவைப்பது என்று என்னென்னவோ செய்தார்கள். மேடத்துக்குப் பிடிக்கவில்லை. "நர்ஸுக்குக் கை பேசணும் சரோஜா, வாய் பேசக்கூடாது" என்றார். ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. நீலப்பொடி அவருக்கே கொஞ்சம் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்தது. எங்கள் சனங்கள் தனிப் பங்கு கேட்டு ரோட்டில் இறங்கியிருந்தார்கள். என் தம்பியும் போனான். போகாதே என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தச் சூட்டில் ஊருக்கும் காலனிக்கும் நடுவே சண்டை மூண்டது, அது எங்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. நேற்றுவரை ஒருத்தி தட்டில் ஒருத்தி ஊறுகாய் எடுத்த பிள்ளைகள், ஊர்க்காரப் பிள்ளைகள் ஒரு வரிசை, காலனிப் பிள்ளைகள் ஒரு வரிசை என்று உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் வையவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

சோழிக்கு வரிசை தெரியாதே. ஒருநாள் அது சுகந்தியை நோயாளியாகவும் அஞ்சலையை நர்ஸாகவும் போட்டது. சுகந்தி சங்கராபுரம் பக்கம் பெரிய நிலக்காரர் மகள். அஞ்சலை அதே பக்கத்துக் காலனிப் பெண், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை, வாய் கம்மி. ஆட்டத்தில் சுகந்திக்குக் கடும் காய்ச்சல். அஞ்சலை அவளுக்கு முகம், கழுத்து, கைகால் எல்லாம் ஈரத்துணியால் துடைத்து, வாயைத் திறக்கச் சொல்லி வெப்பமானி வைத்தாள். சுத்தமாகச் செய்தாள், ஒரு பொட்டு நீலம் ஒட்டவில்லை. சுகந்தியும் சிரித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். ஆனால் யார் மூலமோ சேதி அவள் அப்பாவுக்குப் போய்விட்டது.

அவர் வந்தார். மரியாதையான மனிதர், கத்தவில்லை. "எம் பொண்ணு படுக்கணும், அது வந்து வாயில கைய வுடணும்னு எந்தப் பாடத்துலீங்க இருக்குது? ஊரு இருக்கற நெலமைல இது தேவைங்களா?" என்று மேடத்திடம் கேட்டார். மேடம் என்னைக் கூப்பிட்டு, சோழியை விட்டுவிட்டு யார் யாரோடு என்று நானே பிரித்துவிடும்படி சொன்னார். அஞ்சலை வேண்டுமானால் தலையணையில் பழகட்டும் என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இப்போதும் எழுதி முடியாது. அவள் எங்கே போய் நர்ஸ் வேலை பார்ப்பாள், தலையணைகள் ஊரிலா? "சோழி எப்படி விழுதோ அப்படித்தான் மேடம் ஆடுவாங்க. இல்லைன்னா ஆட்டமே கிடையாது" என்றேன். "அப்போ ஆட்டம் கிடையாது" என்றார் மேடம். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் விடுதிக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில், பழைய பெஞ்சைக் கட்டிலாகப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கினேன். மேடத்துக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தெரிந்தால் தெரியட்டும் என்றுதான் செய்தேன்.

பிறகு மறியல் வந்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் கிடையாது. சேலத்துக்கும் வழியில்லை, கடலூருக்கும் வழியில்லை. ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க மண்டை உடைந்தவர்கள். பணியில் இருந்த ஒரே டாக்டர் தையல் போட்டு நிமிர முடியவில்லை. மாணவிகளை எல்லாம் வார்டில் இறக்கிவிட்டிருந்தோம்.

கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து வாய்க்கால் கரையோடு மாட்டுவண்டி ஓட்டி ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வயிற்றுவலி, ஒருமுறை மயங்கி விழுந்தாளாம். கூட வந்தவள் மாமியார். பெரிய பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் ஓட்டமாக வந்து பார்த்தார். மருமகள் தூரமாகி மூன்றாவது நாள், மாதாமாதம் இந்தப் பாடுதான் என்று மாமியார் சொன்னாள். ஓர் ஊசி எழுதி, குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு டாக்டர் தையலுக்குத் திரும்பிவிட்டார். அன்றைக்கு இருந்த கூட்டத்தில் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் கட்டிலுக்கு இருந்தவர்கள் அஞ்சலையும் சுகந்தியும். நான் நாலு கட்டில் தள்ளி, ரத்தம் நிற்காத ஒரு பையனின் மண்டையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை எடுக்க முடியாது. பார்க்கவும் கேட்கவும் மட்டும் முடிந்தது.

அஞ்சலை நாடி பிடிக்கப் போனாள். மாமியார் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அஞ்சலை மழுப்பவில்லை. "காலனிங்க" என்றாள். "அப்ப நீ எட்ட நில்லு. அந்தப் பொண்ணு பாக்கட்டும்." அஞ்சலை எட்டி நின்றாள். சுகந்தி நாடி பிடித்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு சொன்னாள்: காய்ச்சல் இல்லை, ஆனால் நாடி நூல்போல ஓடுகிறது, கண்ணின் உட்பக்கம் காகிதமாக வெளுத்திருக்கிறது. வலி வயிற்றில் என்கிறார்கள், அந்தப் பெண்ணோ தோளைத் தோளைத் தடவிக்கொள்கிறாள். சுகந்தி அவளிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் மாமியார் பதில் சொன்னாள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

சுகந்தி ஆட்டத்தில் கற்றதை எல்லாம் போட்டுப் பார்த்தாள். வெந்நீர் வாங்கிவரச் சொன்னாள். "தண்ணிதான் இருக்குதே" என்று சொம்பைக் காட்டினாள் மாமியார். நீங்க கொஞ்சம் வெளியே காற்றாட உட்காருங்க என்றாள். "எனுக்கு இன்னா, நான் நல்லாத்தான் இருக்கறேன்." காதருகே குனிந்தால் மாமியாரும் கூடவே குனிந்தாள். கெட்ட பெண்மணி இல்லை, மருமகளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம், அவ்வளவுதான். சுகந்தி நிமிர்ந்து அஞ்சலையைப் பார்த்தாள்.

அஞ்சலை குனிந்தாள். கட்டிலடியில் இருந்த சொம்பின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வராந்தாக் கோடியில் இருந்த குழாயைப் பார்த்து விடுவிடுவென்று நடந்தாள்.

"ஐய, சொம்ப வைடி! இன்னாடி எடுக்கற? வைன்றேன் இல்ல!" மாமியார் எழுந்து ஓடினாள். அஞ்சலை நடையை எட்டிப் போட்டாள். மாமியார் வைதுகொண்டே துரத்தினாள். வராந்தாவில் படுத்திருந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவ்வளவு வசவையும் முதுகில் வாங்கிக்கொண்டு அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சுகந்தி அந்தப் பெண்ணின் காதில் வாயை வைத்தாள். அந்தப் பெண் பேசினாள். மாதவிலக்கு நின்று இரண்டு மாதமாகிறது. இதற்குமுன் இரண்டு முறை கரு கலைந்துவிட்டது, அதனால் மூன்றாம் மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று இருந்தாள். முந்தாநாள் கொஞ்சம் ரத்தம் பட்டது. இதுவும் போய்விட்டது என்று நினைத்தாள். சொல்லப் பயந்துகொண்டு, தூரம் என்று சொல்லி மாட்டுக்கொட்டகையில் தனியாக உட்கார்ந்துவிட்டாள். தூரமானவளை யார் தொடுவார்கள்? விழுந்து கிடக்கும்வரை ஒருவரும் அவளைத் தொட்டுப் பார்க்கவில்லை.

சுகந்தி டாக்டரிடம் ஓடினாள். கரு, கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கி, குழாய் வெடித்திருந்தது. ஊசியை விட்டு இழுத்ததும் வயிற்றுக்குள்ளிருந்து ரத்தம் வந்தது, உள்ளே தேங்கிய அந்த ரத்தம்தான் தோளில் வலியாகக் காட்டியிருக்கிறது. டாக்டர், "ரோடு இருந்தாலும் சேலம் வரைக்கும் தாங்க மாட்டா, இங்கேயே திறந்துடலாம்" என்றார். திறந்தார்கள். அறுவை அறையில் சுகந்தி கருவிகளை எடுத்துக்கொடுக்க, அஞ்சலை ரத்தம் ஏறும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் பிழைத்தாள்.

மாமியார் வெளியே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சொம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ரோடு திறந்ததும் மேடத்திடம் போய்ப் புகாரும் கொடுத்தாள். "உசிரக் காப்பாத்தினீங்க, கும்புடறேன். ஆனா எஞ் சொம்ப எதுக்கு அது தொட்டுது?"

விசாரணை என்று மேடத்தின் அறையில் எங்களை நிற்கவைத்தார்கள். சுகந்தியின் அப்பாவும் வந்து உட்கார்ந்திருந்தார். நோயாளி வீட்டாரின் பொருளைப் பறித்துக்கொண்டு ஓடியது ஒழுங்கீனம், அஞ்சலையை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பதுபோலப் பேச்சு போயிற்று. அவள் தரையைப் பார்த்து நின்றாள். அவள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அவள். இங்கிருந்து போனால் திரும்பக் களையெடுக்கத்தான் போவாள்.

சுகந்தி தன் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "அவ சொம்ப எடுக்கலன்னா அந்த அக்கா செத்திருப்பாங்கப்பா. அவள அனுப்பினா என்னையும் கையோட கூட்டிக்கினு போயிடுங்க."

அவர் மகளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நீங்களும் நம்ம சனம்தானே என்பதுபோலப் பார்த்தார். அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. "ரோட்டுல மரத்தப் போட்டுக்கினு நாம இன்னாங்க கேட்டோம்? எங்க புள்ளைங்களுக்கும் எடம் வுடுங்கன்னுதான? எந் தம்பியும் அதுக்குத்தான் ஒத வாங்கினு வந்திருக்கறான். இந்தப் பொண்ணும் அதையேதாங்க கேக்குது" என்றேன்.

"அது வேற, இது வேற டீச்சர்."

"வேற இல்லீங்க."

மேடம் பென்சிலை மேசைமேல் வைத்தார். அஞ்சலையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சொம்பைத் தொட்ட பிறகு, நோயாளியைத் தொடுறதுக்கு முன்னாடி, கை கழுவினியா?"

"கழுவினேன் மேடம்."

"வரிசையா?"

"வரிசையா மேடம்."

"அப்போ போய் வேலையைப் பாரு."

அவ்வளவுதான் விசாரணை. அஞ்சலை தப்பித்தாள். நான் தப்பவில்லை. சொன்ன பேச்சை மீறித் துணி காயப்போடும் இடத்தில் ஆட்டம் நடத்தியதை மேடம் மறக்கவில்லை. "ஒரு வரி வருத்தம் தெரிவிச்சுடு, விட்டுடறேன்" என்றார். மாட்டேன் என்றேன். கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலைப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்தது. சோழியை முந்தானையில் முடிந்துகொண்டு மலைபஸ் ஏறினேன். அங்கே தூளி கட்டி நோயாளியைத் தூக்கிவரும்போது கூட வருபவர்கள் ஒருவர் இல்லை, ஒரு கூட்டம். என் ஆட்டத்துக்கு அதைவிட நல்ல இடம் ஏது? மலைக் கிராம நர்ஸுகளோடு அங்கேயும் ஆடினேன். தண்டனை கொடுத்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

மறுபடி அந்தப் புதுக்கூடத்துக்கு வருகிறேன். விழா முடிந்ததும் பொம்மையைச் சுற்றி மாணவிகள் நின்றார்கள். எப்படி இருக்கு மேடம் என்று அந்த இளம் ஆசிரியை கேட்டார். "பொம்மை நல்லாத்தான் இருக்குது. கூட யாரு வந்தாங்க?" என்றேன். சிரித்தார்கள். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பொம்மையின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். மாணவிகள் பொம்மையிடம் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். ஒரு மாணவி பொம்மையின் கையைத் தொட வந்தாள். "நீ எந்தத் தெரு?" என்றேன். அந்தப் பிள்ளை கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. இன்னும் அந்தக் கேள்விக்கு இழுத்துக்கொள்கிற கை இருக்கிறது பாருங்கள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம்தான் அவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அஞ்சலை தலைமை நர்ஸாகி ஓய்வு பெற்றதையும் சொன்னேன். சொம்பைத் தூக்கும் யோசனையை ஆட்டத்தில் நீங்கள் சொல்லிக்கொடுத்ததா என்று ஒருத்தி கேட்டாள்.

இல்லை. அது என் ஆட்டத்தில் இல்லவே இல்லை. அறுவை முடிந்த அன்றைக்கு நானும் அவளிடம் அதைத்தான் கேட்டேன், எப்படிடி உனக்குத் தோணிச்சு என்று. அவள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"இதுல தோணறதுக்கு இன்னா இருக்குது டீச்சர்? நான் எதத் தொட்டாலும் யாராச்சும் ஓடிவந்துகினுதான இருக்காங்க. இன்னிக்குத்தான் அது ஒரு வேலைக்கு ஆச்சு."